607001: ஒரு பின்கோடின் குணம்

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டுப் பின்கோடு 607001. இது பகா எண்ணா என்று வகுப்பில் பேச்சு வந்தது. 2, 3, 5, 7 என்று ஒவ்வொரு பகா எண்ணாலும் வகுத்துக்கொண்டே 101 வரை போனேன். எல்லாவற்றிலும் மீதி வந்தது. கை வலித்ததால் நிறுத்திவிட்டேன். இன்னும் எவ்வளவு தூரம் போக வேண்டும்?
– பத்தாம் வகுப்பு மாணவி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன் அம்மா. பகா எண்தான்.

எவ்வளவு தூரம் என்றால், 779 வரை. 779-இன் வர்க்கம் 606841. 780-இன் வர்க்கம் 608400, அது நம் எண்ணைத் தாண்டிவிடுகிறது. ஓர் எண் இரண்டு எண்களின் பெருக்கலாக உடைந்தால், அந்த இரண்டில் ஒன்றாவது அதன் வர்க்கமூலத்துக்குள் இருந்தாக வேண்டும். இரண்டுமே 780-க்கு மேல் என்றால் பெருக்குத் தொகை 607001-ஐ விட்டு எங்கோ போய்விடும். 779 வரை உள்ள பகா எண்கள் 137. நீ 26 முடித்துவிட்டாய், மீதி 111. கை வலித்ததில் தப்பே இல்லை.

அந்த 111-ஐயும் நான் செய்து பார்த்திருக்கிறேன். 541-இல் வந்தபோது மூச்சு நின்றது: 541 × 1122 = 607002. ஒன்றே ஒன்று கூடிவிட்டது. 607-இலும் அப்படித்தான். 607 × 1000 = 607000, இங்கே ஒன்று குறைவு. இப்படி இரண்டு பக்கமும் ஒரு மயிரிழையில் தப்பித்து, 773 என்ற கடைசிப் பகா எண்ணிலும் 196 மீதி வைத்துவிட்டு 607001 தனியாக நிற்கிறது.

இப்போது மஞ்சக்குப்பத்தில் பேருந்து ஏறி, கெடிலம் பாலத்தைக் கடந்து, திருப்பாதிரிப்புலியூர் வழியாக முதுநகர் போவோம். பின்கோடும் அதே வரிசையில் 607001, 607002, 607003. நடுவில் இருக்கும் 607002 முழுக்க உடைகிற எண்: 2 × 3 × 11 × 17 × 541. ஆனால் முதுநகரின் 607003 மறுபடியும் பகா எண்! இரண்டு பகா எண்களுக்கு நடுவில் ஒரே ஓர் எண் மட்டும் இருந்தால் அவற்றை இரட்டைப் பகா எண்கள் என்பார்கள். 11-உம் 13-உம், 17-உம் 19-உம் மாதிரி. மஞ்சக்குப்பமும் முதுநகரும் அப்படி ஒரு ஜோடி. இந்த வகை ஜோடிகள் முடிவில்லாமல் இருக்கின்றனவா என்பதை இன்றுவரை யாரும் நிறுவவில்லை. உலகமே காத்திருக்கும் கேள்வி அது. அதற்கு ஓர் உதாரணம் நம் தபால்காரர் பையில் தினமும் வருகிறது.

இரட்டையர்தான், ஆனால் குணம் வேறு. 607001-ஐ இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம்:

701 × 701 = 491401
340 × 340 = 115600
கூட்டினால் 607001.

வரிசையை மாற்றி எழுதுவதை விட்டுவிட்டால், இது ஒன்றுதான் வழி. வேறு எந்த இரண்டு வர்க்கமும் இந்தத் தொகையைத் தராது. 4-ஆல் வகுத்தால் 1 மீதி தரும் ஒவ்வொரு பகா எண்ணும் இப்படி ஒரே ஒரு வகையில் பிரியும் என்று பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா 1640-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் ஒரு நண்பருக்குக் கடிதம் எழுதினார். அதை நிறுவிக் காட்டியவர் நூறு ஆண்டுக்குப் பிறகு வந்த ஆய்லர் என்ற சுவிஸ் கணித மேதை.

607003-ஆல் இது முடியாது. ஏன் என்று நீயே வகுப்பில் கரும்பலகையில் காட்டலாம். இரட்டை எண்ணின் வர்க்கத்தை 4-ஆல் வகுத்தால் மீதி 0. ஒற்றை எண்ணின் வர்க்கத்தை வகுத்தால் மீதி 1. ஆக, இரண்டு வர்க்கங்களைக் கூட்டினால் மீதி 0, 1, 2 இவற்றில் ஒன்றுதான் வரும். 607003-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 3. அவ்வளவுதான், கதவு மூடிவிட்டது. எத்தனை லட்சம் வர்க்கங்களைத் தேடினாலும் கிடைக்காது என்பதை நாலு வரியில் சொல்லிவிட முடிகிறது. முப்பத்திரண்டு வருஷம் பாடம் நடத்திய எனக்கு இந்த நாலு வரி இன்னும் சலிக்கவில்லை.

கேள்வி: வணக்கம் ஐயா. கடலூர் மாவட்டத்துப் பின்கோடுகள் பெரும்பாலும் 607 என்று தொடங்குகின்றன. அந்த 607-க்குக் கணித உலகத்தில் தனி மரியாதை உண்டு என்று சில இதழ்களுக்கு முன் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். விளக்கமாகச் சொல்லுங்கள். அதோடு, இதனால் யாருக்கு என்ன பயன் என்றும் சொல்லுங்கள்.
– கணக்கர் ஒருவர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: கேட்டதற்கு நன்றி ஐயா. இது நான் பல வருஷமாக மனசில் வைத்திருக்கும் எண்.

2-ஐ 607 முறை எழுதிப் பெருக்கி, வருவதிலிருந்து 1-ஐக் கழியுங்கள். அதாவது 2⁶⁰⁷ − 1. அது ஒரு பகா எண். 183 இலக்கம். 5311 என்று தொடங்கி 127 என்று முடியும். நம் வழக்கில் சொன்னால், கோடியைக் கோடியால் பெருக்கி, மறுபடி கோடியால் பெருக்கி, இப்படி 26 கோடிகளை வரிசையாகப் பெருக்கி, அதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல். இந்த மாதிரி 2-இன் அடுக்கில் 1 குறைந்த பகா எண்களுக்கு மெர்சென் பகா எண்கள் என்று பெயர். மெர்சென், பாரிஸில் வாழ்ந்த துறவி. ஃபெர்மா கிறிஸ்துமஸ் கடிதம் எழுதிய நண்பர் இவர்தான்.

எந்தெந்த அடுக்குக்கு இப்படிப் பகா எண் வரும் என்று 1644-இல் மெர்சென் 257 வரைக்கும் ஒரு பட்டியல் வெளியிட்டார். அதில் 67-உம் 257-உம் தவறு. 61, 89, 107 மூன்றும் விட்டுப்போயின. ஆனால் அவர் காலத்தில் கையால் சரிபார்க்க வழியே இல்லாத எண்களைப் பற்றி அப்படி ஒரு பட்டியல் போட்டதே பெரிய துணிச்சல். 67-க்கான எண்ணை 1903-இல் கோல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 193707721 × 761838257287 என்று உடைத்துக் காட்டினார்.

1876-இல் லூகா என்ற பிரெஞ்சுக்காரர் 2¹²⁷ − 1 பகா எண் என்று நிறுவினார். அதைவிடப் பெரிய மெர்சென் பகா எண் கிடைக்க 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வருஷம் ஜனவரி 30-ஆம் தேதி, லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த ஸ்வாக் என்ற கணிப்பொறியில், பெர்க்லி கணிதப் பேராசிரியர் ரஃபேல் ராபின்சன் எழுதிய நிரல் ஓடியது. ஒரே நாளில் இரண்டு கிடைத்தன: 521, அப்புறம் நம் 607.

அந்தச் சோதனை செய்யும் முறை உங்களுக்குப் பிடிக்கும். லூகா தொடங்கி, லேமர் என்ற அமெரிக்கர் செம்மைப்படுத்திய முறை. 4-இல் தொடங்குங்கள். வர்க்கம் எடுங்கள், 2-ஐக் கழியுங்கள், சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்பச் செய்யுங்கள். அடுக்கில் இரண்டு குறைத்து, அத்தனை தடவை. கடைசியில் சைபர் வந்தால் பகா எண். 2⁷ − 1, அதாவது 127-க்குச் செய்து காட்டுகிறேன், ஐந்து தடவை: 4, 14, 67, 42, 111, 0. கடைசிப் படியில் 111-இன் வர்க்கத்தில் 2 குறைத்தால் 12319. அது சரியாக 127 × 97. பேனாவும் காகிதமும் எடுத்து ஒரு தடவை போட்டுப் பாருங்கள். அந்தச் சைபர் வந்து விழும்போது ஏற்படும் மகிழ்ச்சியை எழுதிக் காட்ட முடியாது.

607-க்கு இதே வேலையை எத்தனை தடவை செய்ய வேண்டும்? 605 தடவை. உங்கள் புதுச்சேரிப் பின்கோடின் முதல் மூன்று எண். இது தற்செயல்தான், அதற்கு மேல் அர்த்தம் எதுவும் கிடையாது. ஆனாலும் கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போகும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

சரி, என் சொந்தக் கதை ஒன்று. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் நம் இரண்டு ஊருக்கும் நடுவே கரையேறியது. எங்கள் தெருவில் விழாத மரம் இல்லை. மின்சாரம் வரப் பல நாள் ஆனது. சாயங்காலம் ஆறு மணிக்கே இருட்டிவிடும். அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு, நீள நோட்டில் ஒரு கணக்கை எடுத்தேன்.

கணக்கு இதுதான். 2⁶⁰⁷ − 1-ஐ ஏதாவது ஒரு பகா எண் வகுக்க வேண்டுமானால், அந்தப் பகா எண் 1214-இன் மடங்கோடு 1 சேர்ந்ததாக இருக்க வேண்டும். இந்த வகை விதியைக் கண்டவரும் ஃபெர்மாதான். சின்ன உதாரணம்: 2¹¹ − 1 = 2047 = 23 × 89. 23 என்பது 22-இன் மடங்கோடு 1. 89-உம் அப்படித்தான். இப்போது மஞ்சக்குப்பத்தை எடுங்கள்: 607001 = 1214 × 500 + 1. விதிக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது! 8-ஆல் வகுத்தால் 1 அல்லது 7 மீதி வர வேண்டும் என்று இன்னொரு நிபந்தனையும் உண்டு. அதிலும் தேறிவிட்டது, மீதி 1. ஆக, நம் ஊர்ப் பின்கோடு, நம் ஊர் மெர்சென் எண்ணை வகுக்கத் தகுதி உள்ள ஆள். 1952-லேயே அது பகா எண் என்று தெரிந்துவிட்டதால் வகுக்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் மீதி எவ்வளவு? அது எங்கும் அச்சாகியிருக்காது. அதைக் கையால் பார்த்துவிட ஆசை.

183 இலக்கத்தை எழுத வேண்டியதில்லை. 2⁹ = 512. அதன் வர்க்கம் 2¹⁸ = 262144. அதை மறுபடி வர்க்கமாக்கி 607001-ஆல் வகுத்தால் மீதி 286525. அது 2³⁶-க்கு. இரட்டித்தால் 2³⁷, 573050. இது 607001-ஐ விட 33951 குறைவு. அந்தச் சின்ன எண்ணை வைத்துக்கொண்டு அடுத்த வர்க்கம். இப்படி 75, 151, 303, 607 என்று ஏறலாம். மொத்தம் ஆறே வர்க்கங்கள். மூன்று ராத்திரி ஆனது. நடுவில் ஒரு கழித்தலில் தவறி, ஒரு பக்கம் முழுக்க அடித்து எழுதினேன். கடைசியில் 2⁶⁰⁷-க்கு மீதி 55990 வந்தது. ஒன்றைக் கழித்தால் 55989. வெளியே ஜெனரேட்டர் சத்தமும் மரம் அறுக்கும் சத்தமும். கூரை போன வீடுகளும் வேரோடு சாய்ந்த முந்திரி, பலா மரங்களும் மனசை அழுத்திக்கொண்டிருந்த நாட்கள் அவை. அந்த ஐந்து இலக்கம் எனக்கு அன்றைக்குப் பெரிய ஆறுதல்.

பயன் கேட்டீர்கள். இணையத்தில் வங்கிக் கணக்கைத் திறக்கும்போது நடக்கும் பூட்டுவேலையில் பெரிய பகா எண்களுக்குப் பங்கு உண்டு. ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் 1977-இல் அமைத்த முறையில் இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி, பெருக்குத் தொகையை மட்டும் வெளியே காட்டுவார்கள். இன்று பரவலாகப் புழங்கும் அளவில் அந்தத் தொகைக்கு 617 இலக்கம். அதைத் திரும்ப உடைப்பது எவராலும் முடியாததால் பூட்டு நிற்கிறது. ஆனால் நம் 2⁶⁰⁷ − 1 அங்கே உதவாது. எல்லோருக்கும் தெரிந்த சாவி அது. மெர்சென் எண்களைத் தேடுவது வேறு வகை வேட்கை. 2024 அக்டோபரில் லூக் டுரன்ட் என்பவர் கண்டுபிடித்த 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1-க்கு 4 கோடியே 10 லட்சத்துச் சொச்சம் இலக்கங்கள். அது 52-ஆவது. நம் 607, அந்த வரிசையில் 14-ஆவது.

கேள்வி: எங்கள் 606001-உம் பகா எண்ணா?
– வாசகர், விருத்தாசலம்

பதில்: இல்லை. 11 × 55091. வலது கோடியிலிருந்து இலக்கங்களை ஒன்றுவிட்டு ஒன்று கூட்டிக் கழியுங்கள்: 1 − 0 + 0 − 6 + 0 − 6. வருவது −11. அதனால் 11 வகுக்கும். புதுச்சேரி 605001-ஐயும் கேட்டு எழுதாதீர்கள், அதன் இலக்கக் கூட்டல் 12, ஆகவே 3 வகுக்கும். சிதம்பரம் 608001-க்கும் அதே கதி.

கேள்வி: புதிதாக எடுத்த வண்டியின் எண்ணைக் கூட்டினால் 8 வருகிறது. ஆகாது என்று வீட்டில் சொல்கிறார்கள். பணம் கட்டி வேறு எண் வாங்கலாமா ஐயா?
– பலாப்பழ வியாபாரி, பண்ருட்டி

பதில்: வேண்டாம் தம்பி. ஓர் எண்ணின் இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போய் ஒற்றை இலக்கத்துக்குக் கொண்டுவந்தால் கிடைப்பது, அந்த எண்ணை 9-ஆல் வகுத்தால் வரும் மீதி. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. 607001-க்குக் கூட்டல் 14, அப்புறம் 5. வகுத்தாலும் மீதி 5. மீதியே இல்லாவிட்டால் கூட்டல் 9 என்று வரும். சாலையில் ஓடும் வண்டிகளில் ஏறக்குறைய ஒன்பதில் ஒன்றுக்கு 8 இருக்கும்.

இந்தக் கூட்டலுக்கு நல்ல உபயோகம் ஒன்று உண்டு, அதைச் சொல்லித் தருகிறேன். 262144-ஐ அதே எண்ணால் பெருக்கினால் 68719476736. சரிதானா? 262144-இன் கூட்டல் 19, 10, 1. ஒன்றை ஒன்றால் பெருக்கினால் 1. விடையின் கூட்டல் 64, 10, 1. ஒத்துப்போகிறது. ஒத்துப்போகாவிட்டால் பெருக்கலில் தவறு நிச்சயம். அரிக்கேன் விளக்கில் என் தவறைக் காட்டிக்கொடுத்தது இதுதான். மண்டியில் சிட்டை போடும்போது நீங்களும் பயன்படுத்தலாம். எண் மாற்ற வைத்திருக்கும் பணத்தைக் குழந்தைகளின் படிப்புக்கு எடுத்து வையுங்கள்.

கேள்வி: ராமானுஜன் கும்பகோணத்துக்காரர். நம் மாவட்டத்தோடு தொடர்புள்ள, எண்களில் பெரிய வேலை செய்த கணித மேதை யாராவது உண்டா?
– கல்லூரி மாணவர், சிதம்பரம்

பதில்: உங்கள் ஊரிலேயே இருந்தார். எஸ். எஸ். பிள்ளை. சிவசங்கரநாராயண பிள்ளை என்பது முழுப்பெயர். 1901-இல் பிறந்தவர், தென்பாண்டிச் சீமைக்காரர். 1929 முதல் 1941 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். அப்போது அது தென்னாற்காடு மாவட்டம். அவருடைய மிகச் சிறந்த வேலைகள் அந்த ஆண்டுகளில் நடந்தவை.

1770-இல் வாரிங் என்ற ஆங்கிலேயர் ஒரு கருத்தைச் சொல்லிவைத்தார். எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்கங்களுக்குள் கூட்டிக் கொண்டுவரலாம், கன எண்கள் என்றால் ஒன்பது போதும், நான்காம் அடுக்கு என்றால் பத்தொன்பது போதும், இப்படியே மேலே. 23-ஐ எடுங்கள்: 8, 8, அப்புறம் ஏழு ஒன்றுகள். ஒன்பது கனங்கள், அதற்குக் குறைவாக முடியாது. ஆறாம் அடுக்குக்கு எத்தனை போதும்? 73 என்று 1940-இல் நிறுவியவர் பிள்ளை. அந்த 73-ம் தேவைப்படும் எண் 703. ஆறாம் அடுக்குகள் 1, 64, 729 என்று போகும். 703-க்குள் 729 நுழையாது. பத்து 64-கள் 640, மீதி 63 ஒன்றுகள். மொத்தம் 73. குறைந்தது 73 வேண்டும் என்று காட்டுவது இவ்வளவு சுலபம். எல்லா எண்ணுக்கும் 73 போதும் என்று காட்டுவதில்தான் மலையளவு உழைப்பு.

அவருடைய இன்னொரு முடிவை நீங்கள் இன்றைக்கே சோதிக்கலாம். அடுத்தடுத்து வரும் 16 எண்கள் வரை எந்த வரிசையை எடுத்தாலும், மற்ற எல்லா எண்ணோடும் பொதுக் காரணி இல்லாத ஓர் எண்ணாவது அதில் இருக்கும். 17 என்றால் இது உடைகிறது. 2184 முதல் 2200 வரை எழுதிப் பாருங்கள். 2197-க்கு 2184-இல் ஒரு 13 காத்திருக்கிறது. 2189-க்கு 2200-இல் ஒரு 11. ஒருத்தரும் தனியாக இல்லை.

1950-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்கும், அதன்பின் பிரின்ஸ்டனில் ஓராண்டு தங்கி ஆராயவும் கிளம்பினார். ஆகஸ்ட் 31-ஆம் தேதி கெய்ரோ அருகே விமானம் விழுந்தது. வயது 49. ராமானுஜனை அறிந்த அளவுக்கு இவரை நம் பிள்ளைகள் அறியவில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். சிதம்பரத்தில் படிக்கிறீர்கள், நீங்களாவது உங்கள் வகுப்பில் 703-ஐயும் 2184-ஐயும் ஒரு நாள் கரும்பலகையில் எழுதிவிட்டு, பக்கத்தில் அவர் பெயரையும் எழுதுங்கள்.